கூண்டில் ஏற்றப்பட்ட குச்சி மனிதர்கள்

தலைக்கு ஒரு வட்டம். உடம்புக்கு ஒரு கோடு. கை கால்களுக்கு நான்கு கோடுகள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை சிலேட்டில் வரைகிற மனித உருவம் இது. இந்த உருவங்களைக் கொண்டு வரையப்பட்ட கேலிச்சித்திரங்களுக்காக 2020 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணுக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. அவர் பெயர் ரச்சிதா தனேஜா. அவருடைய இணையக் கார்ட்டூன் தொடரின் பெயர் 'சானிட்டரி பேனல்ஸ்'.

என்ன வரைந்தார்? 2020 நவம்பர் 4 அன்று தொலைக்காட்சி ஆசிரியர் அர்னாப் கோஸ்வாமி ஒரு தற்கொலைத் தூண்டல் வழக்கில் கைதானார். ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஹாத்ராஸில் கொல்லப்பட்ட தலித் பெண்ணின் ஊருக்குச் செய்தி சேகரிக்கப் போன கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் வழியிலேயே கைது செய்யப்பட்டிருந்தார். காப்பன் சிறையை விட்டு வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். ஒருவருக்கு ஒரு வாரம், இன்னொருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அர்னாபுக்குக் கிடைத்த அவசர நீதியைத்தான் ரச்சிதா படமாக்கினார். நடுவில் அர்னாப், ஒரு பக்கம் பாஜக, மறுபக்கம் உச்ச நீதிமன்றம். தன் அப்பா யார் தெரியுமா என்று நடுவில் நிற்கும் குச்சி உருவம் மிரட்டுகிறது. அவ்வளவுதான் படம். ஒரு சட்ட மாணவர் புகார் கொடுத்தார், அன்றைய அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் வழக்குத் தொடர ஒப்புதல் அளித்தார், நோட்டீஸ் வந்துவிட்டது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை.

நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் ஐந்து கோட்டுக்கும் ஒரு வட்டத்துக்கும் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்? அந்தப் படம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் அது ஒரே நாளில் சிரித்துவிட்டதுதான் சிக்கல். அன்று கூண்டில் ஏற்றப்பட்டது ஒரு சித்திரம் மட்டுமல்ல, அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பரப்பிய மக்களின் சிரிப்பும்தான். சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் இந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

'சானிட்டரி பேனல்ஸ்' தொடங்கியது 2014-இல், மோடி ஆட்சிக்கு வந்த ஆண்டில். பிரதமரை விமர்சித்து இணையத்தில் எழுதியவர்கள் மீது காவல்துறை பாய்ந்த செய்திகள் அப்போது வந்துகொண்டிருந்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அன்று உயிரோடு இருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2015 மார்ச்சில்தான். அந்தச் சூழலில் முகநூலில் தொடங்கிய இந்தத் தொடருக்குப் பின்னால் பத்திரிகை முதலாளி இல்லை, ஆசிரியர் குழு இல்லை. பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. மாதவிடாய் அணையாடையையும் காமிக்ஸ் கட்டத்தையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்ட பெயர். கறுப்புத் தாளில் சுற்றிக் கொடுக்கப்படும் ஒரு பொருளை எடுத்து அரசியல் கேலிக்குப் பெயர்ப்பலகையாக மாட்டினார் ரச்சிதா. தீட்டு என்ற சொல் பெண்ணின் உடலையும் சேரியையும் ஒரே மூச்சில் விலக்கி வைக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் படங்கள் ஏன் பரவின? முதல் காரணம், அவற்றுக்கு விளக்கவுரை தேவையில்லை. அரசியல்வாதியின் முகச்சாயலைப் பிடிக்கும் திறமையைப் பார்த்து வியக்க அங்கே ஒன்றுமில்லை. இரண்டு குச்சி உருவங்கள் பேசிக்கொள்கின்றன. ஒன்று அதிகாரத்தின் குரலில் ஓர் அபத்தத்தைச் சொல்கிறது, மற்றது வாயடைத்து நிற்கிறது. அலுவலகத்திலோ வீட்டிலோ கல்லூரியிலோ அப்படி வாயடைத்து நின்ற அனுபவம் இல்லாதவர் யார்? இரண்டாவது காரணம், அது காசில்லாமல் கிடைக்கிறது, கைப்பேசித் திரையில் அடங்கிவிடுகிறது. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அந்தப் படத்தைப் பார்க்கிற எவருக்கும் 'இதை நானும் வரைவேனே' என்று தோன்றும். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவரும், பென்சில் பிடித்துப் பல வருடம் ஆனவரும் வரைய முடியும். வாசகருக்கும் கலைஞருக்கும் நடுவில் இருந்த வேலி அங்கே படுத்துவிட்டது.

அந்த வேலியை யார் போட்டார்கள், அதற்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்காமல் நம்மால் மேலே போக முடியாது.

இந்தியச் செய்தித்தாள் கார்ட்டூனின் பொற்காலம் என்று கொண்டாடப்படும் காலத்தில் அம்பேத்கர் எப்படி வரையப்பட்டார்? கார்ட்டூனிஸ்டும் ஆய்வாளருமான உன்னமதி சியாம் சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கில இதழ்களில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட அம்பேத்கர் கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்தார். 'நோ லாஃபிங் மேட்டர்' என்ற அந்த நூலை 2019-இல் நவயானா வெளியிட்டது. சங்கர், என்வர் அகமது, ஆர்.கே. லட்சுமண் போன்ற பெரும்பெயர்களின் கோடுகள் அதில் இருக்கின்றன. படத்துக்குப் படம் அம்பேத்கர் குள்ளமாக்கப்படுகிறார், அடம்பிடிக்கும் குழந்தையாகிறார், புடவை கட்டிய பெண்ணாகிறார். காந்தியும் நேருவும் அதே சட்டத்துக்குள் நெடிதுயர்ந்து நிற்கிறார்கள். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் 'கார்ட்டூன் என்றால் அப்படித்தான்' என்று கடந்துவிடலாம். நூறு படங்களை அடுக்கி வைத்தால் அது ஒரு சமூகத்தின் பார்வை என்று தெரிந்துவிடுகிறது.

2012-இல் நடந்தது நினைவிருக்கும். என்சிஇஆர்டி-யின் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் சங்கர் 1949-இல் வரைந்த கார்ட்டூன் இடம்பெற்றிருந்தது. அரசமைப்புச் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார். பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். மக்களவையில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார், பெரும் அமளி நடந்தது, அரசு படத்தை நீக்குவதாக அறிவித்தது. பாடநூல் ஆலோசகர்களில் ஒருவரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து ஆங்கில நாளேடுகளின் நடுப்பக்கங்கள் நமக்கு எடுத்த பாடத்தை மறக்கக்கூடாது. தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லையாம். சாட்டை என்பது ஒரு குறியீடுதானாம். முதுகில் சாட்டையின் தழும்பு இல்லாதவர்களுக்குச் சாட்டை குறியீடாகத் தெரிவதில் வியப்பில்லை.

உண்மையில் நமக்கு நகைச்சுவை பஞ்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பண்ணையாரின் நடையைச் செய்து காட்டிச் சிரிக்காத களத்துமேடு உண்டா? எசமானின் குரலில் பேசிக் காட்டும் கலைஞன் இல்லாத தெரு உண்டா? அந்தச் சிரிப்பு அச்சில் ஏறவில்லை, அவ்வளவுதான். அச்சகம் அவர்களுடையது, ஆசிரியர் நாற்காலி அவர்களுடையது, எது நகைச்சுவை என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையது. நாம் சிரிக்கப்படும் பொருளாக மட்டும் அச்சில் இடம்பிடித்தோம்.

இந்தப் பின்னணியில் குச்சி மனிதனைத் திரும்பப் பாருங்கள். கேலிச்சித்திரக் கலை பெரும்பாலும் உடலை நம்பியது. மூக்கைப் பெரிதாக்கும், நிறத்தைக் கருப்பாக்கும், பல்லை நீட்டும், உடையைக் கிழிக்கும். சாதியும் உடலைப் படித்துத்தான் வேலை செய்கிறது. நிறம், பெயர், பேச்சு, உடை, நிற்கும் விதம், கையைக் கட்டியிருக்கும் விதம் என்று எல்லாவற்றையும் அது அளக்கும். தமிழ்த் திரைப்பட நகைச்சுவை பல பத்தாண்டுகள் கருப்பையும் வழுக்கையையும் அடி வாங்கும் உடலையும் வைத்துத்தான் நம்மைச் சிரிக்க வைத்தது. இன்றைய மீம்களில் பாதி அந்தக் காட்சிகளிலிருந்தே வெட்டி எடுக்கப்படுகின்றன. வடிவேலுவின் முகம் இல்லாமல் ஒரு நாளைக் கடத்துகிற வாட்சப் குழு தமிழ்நாட்டில் இல்லை. அதே வடிவேலு 2023-இல் 'மாமன்னன்' படத்தில் ஆதிக்கச் சாதிக்காரர் முன் உட்காரத் தயங்கும் சட்டமன்ற உறுப்பினராக வந்தபோது திரையரங்கில் விழுந்த அமைதியில் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தோம்?

குச்சி மனிதனிடம் இந்த வசதி எதுவும் கிடையாது. அவனுக்கு நிறமில்லை, மூக்கில்லை, வயிறில்லை. உடலைக் கேலி செய்ய வழியே இல்லாததால் கார்ட்டூனிஸ்ட் சொல்லையும் செயலையும் அதிகாரத்தின் தர்க்கத்தையும்தான் கேலி செய்தாக வேண்டும். வடிவத்தின் ஏழ்மை ஓர் அறமாக மாறுகிறது. எல்லா உருவமும் ஒன்றுபோல் இருக்கும் கட்டத்துக்குள் ஒருவர் மட்டும் 'நான் உசத்தி' என்று சொன்னால் அந்த வாக்கியமே சிரிப்பாகிவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு, அதையும் பேசிவிடுவோம். அடையாளமில்லாத உருவம் என்றால் வாசகர் மனத்தில் யார் வந்து உட்காருவார்? நகரத்து, ஆங்கிலம் பேசும், சாதியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர்தான் 'பொதுவான மனிதர்' என்று நம் பொதுப்புத்தி பழகியிருக்கிறது. 'சானிட்டரி பேனல்ஸ்' பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவது. அதன் முதல் வட்ட வாசகர்கள் ஆங்கிலம் படித்த நகர்ப்புற இளைஞர்கள். அப்படியானால் இதை அடித்தட்டிலிருந்து எழுந்த செல்வாக்கு என்று சொல்லலாமா? பாதி சொல்லலாம். எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுத்து வளர்க்கவில்லை, வாசகர்களே தூக்கிச் சுமந்தார்கள் என்ற அளவில் சரி. மேலவளவுக்கும் வெண்மணிக்கும் அது வந்து சேரவில்லை என்ற அளவில் மீதிப் பாதி காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தை ரச்சிதா நிரப்பவில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை. அது நம் வேலை. முகநூலில் அம்பேத்கரியக் கார்ட்டூன்களைத் தானே வரைந்து தானே வெளியிட்ட சியாம் சுந்தர் அந்த வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டார். பழைய கார்ட்டூன்களைத் தோண்டி எடுத்த கையே புதிய கார்ட்டூனையும் வரைந்தது தற்செயல் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட வரலாறு இருக்கிறது. நடிகவேள் எம்.ஆர். ராதா மேடையில் ராமாயணத்தைக் கேலி செய்தபோது கொட்டகைகள் நிரம்பின. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவரப்பட்டது. ராதா மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் நாடகக் குழுக்கள் அந்தச் சட்டத்தின் பேரில் காவல்நிலைய வாசலில் நிற்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது 2013-இல். ஒரு சிரிப்பைத் தண்டிக்கப் போட்ட சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்தது.

2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தொழிலாளி தன் மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல் போன குடும்பம் அது. பத்திரிகை வேலையை விட்டு வெளியே வந்து தனியாக இயங்கிய கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். தரையில் எரியும் குழந்தை, சுற்றிலும் முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர். மூவரும் நிர்வாணமாக நின்று பணக்கட்டுகளால் தங்களை மறைத்துக்கொள்கிறார்கள். குச்சி மனிதர்களின் நாசூக்கு அதில் இல்லை. அது கோபத்தில் வரைந்த படம். முகநூலில் அது காட்டுத்தீயாகப் பரவியது. ஆட்சியரின் புகாரின் பேரில் நவம்பர் 5 அன்று பாலா சென்னையில் கைதாகி நெல்லைக்குக் கொண்டுபோகப்பட்டார், மறுநாள் ஜாமீனில் வந்தார். மனுவுக்கு அசையாத நிர்வாகம் கார்ட்டூனுக்கு அசைந்ததைக் கவனியுங்கள். மனுவை ஒரு மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடலாம். பத்தாயிரம் பேர் பகிர்ந்த படத்தை எந்த இழுப்பறையில் போடுவது?

அதனால்தான் அதிகாரம் வரைபவரோடு நிறுத்திக்கொள்வதில்லை, பகிர்பவரையும் தேடி வருகிறது. 2012 ஏப்ரலில் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் மற்றவர்களுக்கு அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். படத்தை அவர் வரையவில்லை, அனுப்பினார், அவ்வளவுதான். வழக்கிலிருந்து அவர் விடுபட்டது 2023 ஜனவரியில். அதே 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவை ஒட்டிய கடையடைப்பைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணோடு, அந்தப் பதிவுக்கு லைக் போட்ட தோழியும் கைது செய்யப்பட்டார். மக்கள் செல்வாக்கு என்பது பகிர்வுகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு பகிர்வும் ஒருவர் தன் மாமாவும் மேலாளரும் ஊர்ப் பெரியவரும் இருக்கும் குழுவில் தன் பெயரோடு எடுக்கும் நிலைப்பாடு. அதற்கு விலை வைத்தால் செல்வாக்கு தானாக வற்றிவிடும் என்று ஆள்பவர்களுக்குத் தெரியும்.

சுதந்திரமாக வரைபவர் யாரையும் சார்ந்திருப்பதில்லை என்பது பெருமை. அவருக்குப் பின்னால் யாரும் இருப்பதில்லை என்பது ஆபத்து. 2021 ஜூனில் கார்ட்டூனிஸ்ட் மஞ்சுளின் கணக்குக்கு எதிராக இந்திய அதிகாரிகளிடமிருந்து புகார் வந்திருப்பதாக ட்விட்டர் அவருக்குத் தெரிவித்தது. சில நாட்களிலேயே அவர் பணியாற்றிவந்த ஊடக நிறுவனம் அவருடனான ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. வேலையில் இருக்கும் கார்ட்டூனிஸ்ட் இழப்பதற்கு ஒரு வேலை உண்டு. தனியாக வரைபவருக்கு இழக்க வேலை இல்லை, ஆனால் வழக்கு வந்தால் வாதாட நிறுவனத்தின் வழக்கறிஞரும் இல்லை. பெரிய நிறுவனத்துக்கே பாதுகாப்பு இல்லை என்பதை 2025 பிப்ரவரியில் பார்த்தோம். மோடி கை கால்களில் விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. படத்தை எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்கலாம் என்ற உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகே தளம் திரும்ப வந்தது. விகடனுக்கு வழக்கு நடத்த வலு இருந்தது. ஒரு மாணவி தன் அறையில் வரைந்த படத்துக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அவர் என்ன செய்வார்?

ரச்சிதாவுக்கு 2024-இல் ஜெனீவாவில் கோஃபி அன்னான் பெயரிலான துணிச்சலான கார்ட்டூனுக்கான விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஜெனீவாவின் கைத்தட்டல் எல்லோருக்கும் கிடைக்காது. திருவாரூரிலோ தருமபுரியிலோ சாதிவெறியைக் கேலி செய்து வரைகிற ஒரு பிள்ளையை முதலில் மிரட்ட வருவது உச்ச நீதிமன்றமாக இருக்காது. உள்ளூர்ச் சாதிச் சங்கத்துக்காரராகவும் அவருக்கு வேண்டிய காவல் ஆய்வாளராகவும் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது விருது அல்ல. ஊரில் நிற்க நாலு பேர்.

ஆகவே தோழர்களே, சில வேலைகள் இருக்கின்றன. பிடித்த கார்ட்டூனுக்கு இதயம் போட்டுவிட்டு நகர்வதோடு நம் கடமை முடியவில்லை. வரைந்தவர் பெயரை வெட்டாமல் பகிருங்கள். மாதம் ஒரு தேநீர்க் காசையாவது அவருக்கு அனுப்புங்கள். சுதந்திரம் சோறு போடாமல் நீடிக்காது. ஆங்கிலத்தில் வரும் நல்ல படங்களை, வரைந்தவரின் அனுமதியோடு, நம் ஊர் வழக்கில் தமிழாக்குங்கள். நம் இயக்கங்களின் வழக்கறிஞர் அணிகள் பேச்சாளர்களுக்கு நிற்பதுபோல வரைபவர்களுக்கும், பகிர்ந்து மாட்டிக்கொள்பவர்களுக்கும் நிற்க வேண்டும். கருத்தரங்க அழைப்பிதழின் மூலையில் படம் போட மட்டும் கலைஞர்களைக் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

கூடவே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். கேலி மேலே பாய வேண்டும். எதிராளியின் நிறத்தையும் எடையையும் மாற்றுத்திறனையும் அவர் வீட்டுப் பெண்களையும் வைத்து நாம் செய்யும் மீம், அம்பேத்கருக்குப் புடவை கட்டிவிட்ட அதே கோட்டின் நீட்சிதான். குச்சி மனிதர்கள் கற்றுத் தரும் ஒழுக்கம் இது. உடலை விடு, அதிகாரத்தைப் பிடி.

நூறாண்டுகளாக நம்மை வரைந்து பிறர் சிரித்தார்கள். இனி நாம் வரைய வேண்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். இரட்டைக் குவளையை வரையுங்கள். வாடகை வீட்டுக்காரர் 'நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு' என்று சுற்றிச் சுற்றிக் கேட்பதை வரையுங்கள். 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா' என்று சொல்லிக்கொண்டே பெண்ணுக்குச் சொந்தச் சாதியில் வரன் தேடுபவரை வரையுங்கள். ஒரு வட்டமும் ஐந்து கோடும் போதும்.